பின்னிய சொக்ஸ் குதியில் நிற்கிறதா, தோய்த்த சட்டை தொங்குகிறதா? முழுவதையும் பிரிக்க முதல் இதைப் பாருங்கள்

கடைசிக் கண்ணியை மூடி நூலை வெட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று ஊசியைக் கீழே வைத்துவிடுகிறோம். மூன்று கிழமை பின்னியதை அரை மணித்தியாலத்தில் அவசரமாக முடித்துவிட்டு, அடுத்த நாள் காலில் ஏறவில்லை, ஓரம் சுருளுகிறது, நுனி தடிக்கிறது என்று கோபத்தில் முழுவதையும் பிரித்துப் பந்தாகச் சுற்றி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிரிக்க வேண்டியிருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு வரி. பிழை பின்னலில் இல்லை, முடித்த விதத்தில்தான். அதனால் என்ன தெரிகிறது, எதனால் அப்படி, எவ்வளவு மட்டும் பிரித்தால் போதும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். வன்னி வெயிலில் கம்பளிச் சொக்ஸ் எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழியில் விடியப்புறம் வயல்கரையில் நின்று பார்க்க வேண்டும். அதோடு பிறந்த பிள்ளைக்குக் காலுறையும் தொப்பியும், பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு வெள்ளைச் சொக்ஸ், கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான குளிருக்கான தடித்த சோடி என்று ஊசி ஓய்வதில்லை. நூலில் பாதி அங்கிருந்து வருகிறது, 75 வீதம் கம்பளியும் 25 வீதம் நைலோனும் கலந்தது, 100 கிராம் பந்தில் ஏறக்குறைய 400 மீற்றர் இருக்கும். மற்றப் பாதி இங்கே கடையில் வாங்குகிற அக்ரிலிக்கும் பருத்தியும். எந்த நூல் என்று தெரியாமல் எந்தப் பிழையையும் திருத்தப் போகாதீர்கள். லேபல் தொலைந்திருந்தால் ஒரு விரல் நீளத் துண்டைக் குறட்டில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள்: முடி கருகிய மணம் வந்து, நசித்தால் சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி, உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல், கடதாசி எரிந்த மணமும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி.

அம்மா எங்களுக்கு நேர், மறு என்று சொல்லித்தான் பழக்கினார். வெளிப்பக்கம் அம்பு நுனிபோல வழுவழுப்பாகத் தெரிவது நேர்க்கண்ணி, குமிழ்போலத் திரண்டு நிற்பது மறுகண்ணி. கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.

சொக்ஸ் குதியில் நின்றுவிடுகிறது, மேலே ஏறவில்லை

எனக்கு அதிகம் வருகிற முறைப்பாடு இதுதான். போன வருசம் தங்கச்சி தொலைபேசியில், "அக்கா, சொக்ஸ் நல்ல வடிவு, ஆனா குதியில நிக்குது, பெடியன் அழுறான்" என்றாள். கணுக்காலுக்கு மேலே அளந்து பின்னியிருந்தேன், அளவும் சரி. ஆனால் சொக்ஸின் வாய் கணுக்காலுக்குப் போய்ச்சேர முன்னம் குதியைத் தாண்ட வேண்டும். குதி முனையிலிருந்து மேற்பாதத்தின் மேட்டைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு அளந்து பாருங்கள், காலில் அதுதான் பெரிய சுற்று. வாய் அந்த அளவுக்கு விரியாவிட்டால் மிச்சப் பின்னல் எவ்வளவு இழுபட்டாலும் பயனில்லை.

விரல் நுனியில் தொடங்கி மேலே பின்னிய சொக்ஸ் என்றால் வாயை மூடிய கடைசி வரி மட்டும்தான் குற்றவாளி. அந்த வரியைப் பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றி, தளர்வாக மறுபடி மூடுங்கள். 2.5 மில்லிமீற்றர் ஊசியில் பின்னியிருந்தால் மூடுவதற்கு மட்டும் 3.5 எடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு கண்ணியைப் பின்பக்கமாகச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, வந்த ஒற்றைக் கண்ணியை இடது ஊசிக்கே திருப்பி, அதையும் அடுத்த கண்ணியையும் மறுபடி சேர்த்துப் பின்னி, இப்படியே சுற்றிவாருங்கள்.

நான் இப்போது சொக்ஸ் எல்லாவற்றுக்கும் பிடிப்பது தையல் ஊசியால் மூடுகிற முறையை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஊசிகள் சைக்கிள் சில்லுக் கம்பியை வெட்டி அரத்தால் நுனி தேய்த்தவை, எல்லாம் 2 மில்லிமீற்றர், ஒரே தடிப்பு. மூடுவதற்குப் பெரிய ஊசிக்கு எங்கே போவது? பழைய சுவெற்றரைப் பிரித்த நூலில் பின்னி, வாயைத் தையல் ஊசியால்தான் அம்மா மூடுவார். எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) என்ற பின்னல் ஆசிரியை வெளிநாடுகளில் பரப்பியதும் இதே முறைதான் என்று பின்னாளில் தெரிந்தபோது எனக்கு அம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. செய்முறை இது. சுற்றளவைப்போல நான்கு மடங்கு நூல் விட்டு வெட்டி, மொட்டை நுனியுள்ள பெரிய தையல் ஊசியில் கோருங்கள். முதல் இரண்டு கண்ணிக்குள்ளும் வலமிருந்து இடமாக ஊசியை விட்டு நூலை இழுங்கள், கண்ணிகள் அப்படியே இருக்கட்டும். பிறகு முதல் கண்ணிக்குள் மட்டும் இடமிருந்து வலமாகத் திரும்பி வந்து, அந்த ஒன்றைக் கழற்றிவிடுங்கள். மறுபடி இரண்டு கண்ணி, திரும்பி ஒன்று. ஆறுதலாகச் செய்யுங்கள், ஒவ்வொரு பத்துக் கண்ணிக்கும் ஒருதரம் வாயை விரித்துப் பாருங்கள். நூலை இறுக்கி இழுத்தால் இதுவும் இறுகும்.

வாயில் தொடங்கிக் கீழே பின்னியதென்றால் இறுகியிருப்பது கண்ணி ஏற்றிய ஓரம். அதைப் பிரிக்க முடியாது என்று சொல்வார்கள், முடியும். ஓரத்திலிருந்து இரண்டு வரி கீழே, ஒரு சுற்றின் கண்ணிகள் முழுவதையும் மெல்லிய ஊசியில் முதலில் எடுத்துவிடுங்கள். அதற்கு மேலே உள்ள சுற்றில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி, அந்த நூலைக் கண்ணி கண்ணியாக உருவுங்கள், ஓரம் தனித் துண்டாகக் கழன்று வரும். ஊசியில் இருக்கும் கண்ணிகளைப் புது நூலால் மேலே சொன்னபடி மூடுங்கள். ஆனால் அதிலிருந்து மேல்நோக்கி ரிப்பை, அதாவது நேரும் மறுவும் மாறி மாறி வரும் இழுபடும் பின்னலை, தொடர்ந்து பின்னப் பார்க்காதீர்கள், எதிர்த்திசையில் கண்ணிகள் அரைக்கண்ணி விலகி நிற்கும், கோடு சேராது. மூடுவது மட்டும் போதும்.

விரல் நுனியில் வரம்பு கட்டியதுபோலத் தடிக்கிறது

சப்பாத்துப் போட்டு நடக்கிறவருக்கு இது கொப்புளம் போடும். நுனியில் மிஞ்சிய கண்ணிகளை இரண்டு ஊசியில் வைத்துத் தையல் ஊசியால் இணைக்கும் முறைக்கு, முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் போர் அமைச்சராக இருந்த கிச்சனரின் பெயர் நிலைத்திருக்கிறது. சிப்பாய்களுக்கு வீடுகளில் சொக்ஸ் பின்னி அனுப்பிய காலம் அது, விரலை அறுக்காத நுனி வேண்டியிருந்தது.

சரியாகச் செய்தால் இணைத்த வரி எது என்று கண்டுபிடிக்க ஏலாது. இரண்டு ஊசியையும் நேர்ப்பக்கம் வெளியே தெரிய ஒன்றன்பின் ஒன்றாகப் பிடியுங்கள், நூல் பின் ஊசியின் வலது நுனியிலிருந்து வர வேண்டும். தொடக்கத்தில் மட்டும் முன் ஊசியின் முதல் கண்ணியில் மறு போடுவதுபோலவும், பின் ஊசியின் முதல் கண்ணியில் நேர் போடுவதுபோலவும் ஊசியை விட்டு, கண்ணிகளைக் கழற்றாமல் விடுங்கள். அதன்பிறகு முன் ஊசியில் "நேர் கழற்று, மறு விடு", பின் ஊசியில் "மறு கழற்று, நேர் விடு". அதாவது முதல் கண்ணியைக் கழற்றி, அடுத்ததை ஊசியிலேயே விடுவது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், இடையில் யாரும் கூப்பிட்டால் வரிசையை முடித்துவிட்டுப் போங்கள்.

வரியில் ஓரிடத்தில் மட்டும் குமிழ் தெரிந்தால் அங்கே நேரும் மறுவும் மாறியிருக்கிறது. அதுவரைக்கும் நூலைப் பின்னோக்கி உருவினால் போதும், பயப்படாதீர்கள், கண்ணிகள் உடனே ஓடிவிடாது. வரி முழுவதும் வரம்புபோல மேலெழுந்து நின்றால் இறுக்கி இழுத்துவிட்டீர்கள். ஊசி நுனியால் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்தி முடிவுவரை கொண்டுபோங்கள். அப்படித் தளர்த்த நூல் போதாமல் போவதும் உண்டு, அதனால் வெட்ட முதலே நுனி அகலத்தின் நான்கு மடங்கு விடுவது என் வழக்கம். எவ்வளவு விட்டு வெட்டுவது என்று தயங்கி நிற்கிற நேரத்தில் இன்னும் ஒரு சாண் கூட விடுங்கள்.

நுனியின் இரண்டு மூலையிலும் சின்னக் காதுபோல நீட்டிக்கொண்டு நிற்பதற்குப் பிரிக்கத் தேவையில்லை. நூல் நுனியை உள்ளே எடுத்து மூலைக் கண்ணியை ஒருதரம் கோர்த்து மெதுவாக உள்ளிழுத்தால் படிந்துவிடும்.

குதி மூலையில் ஓட்டை

குதியின் பின்பக்கத்தை மூடும் துண்டான குதிமடிப்பின் பக்கத்தில் கண்ணி எடுத்து மேற்பாதத்தோடு சேர்க்கும் மூலையில் ஓர் ஓட்டை வரும், எல்லோருக்கும் வரும். உள்பக்கம் திருப்பி, ஓட்டையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கண்ணியின் ஒரு பக்க இழை வழியாக நூலை வட்டமாகக் கோர்த்து, சுருக்குப்பை வாயைப்போல மெதுவாக இழுங்கள். அதிகம் இழுத்தால் அது முடிச்சாகிக் கணுக்காலை உரசும். அடுத்த சோடியில் அந்த மூலையில் ஒரு கண்ணி கூடுதலாக எடுத்து, அடுத்த சுற்றில் அதைப் பக்கத்துக் கண்ணியோடு முறுக்கிச் சேர்த்துப் பின்னுங்கள்.

ஊசி மாறுகிற இடத்தில் ஏணிபோலக் கோடு

சொக்ஸைப் பல ஊசியில் வைத்துச் சுற்றிப் பின்னும்போது, ஓர் ஊசி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கண்ணிகள் தளர்ந்து வருவது இது. முதலில் தோய்த்துக் காயவிடுங்கள், கம்பளியென்றால் பாதி ஏணி தண்ணீரிலேயே மறைந்துவிடும். மிச்சத்தை ஊசி நுனியால் இரண்டு பக்கமும் உள்ள கண்ணிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துவிடலாம். பின்னும்போது ஊசி மாறியதும் முதல் கண்ணியை இறுக்கிப் பயனில்லை, இரண்டாவது கண்ணியைப் பின்னிய பிறகு நூலை ஒருதரம் இழுத்துப் பாருங்கள்.

ஒன்று நீளம், மற்றது கட்டை

அளவுநாடாவை நம்பாதீர்கள், பின்னல் இழுபடும். சுற்றுகளை எண்ணுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருதரம் வேறு நிற நூல் துண்டைக் கோர்த்துவிட்டால் இரண்டாவதையும் அதேபோல எண்ணலாம். நீளம் பிழைத்ததை விரல் நுனிப் பக்கத்தில் பிரித்துத் திருத்துவதுதான் சுகம், குதியைத் தொடவேண்டாம். தூரத்தில் இருப்பவர்களுக்கு என்றால் பாதத்தைக் கடதாசியில் வரைந்து நீளத்தைச் சென்ரிமீற்றரில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சொக்ஸ் பாதத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருந்தால்தான் காலைப் பிடித்து நிற்கும்.

ஒளித்த நூல் நுனி வெளியே வருகிறது

பருத்தியிலும் வழுக்கும் அக்ரிலிக்கிலும் இது கட்டாயம் நடக்கும். ஒரே திசையில் ஓட்டியதும், ஒட்ட வெட்டியதும்தான் காரணம். உள்பக்கத்தில் கண்ணியின் போக்கிலேயே ஐந்தாறு சென்ரிமீற்றர் போய், திரும்பி வேறு வரி வழியாகக் கொஞ்சம் வாருங்கள். இழைகளைப் பிரித்து இரண்டு பக்கமாக ஓட்டினால் இன்னும் நல்லது. தோய்த்துக் காய்ந்த பிறகே மிச்சத்தை வெட்டுங்கள், அப்போதும் ஒரு நெல்லுமணி அளவு விடுங்கள்.

கைக்குழந்தையின் காலுறை, கையுறை என்றால் இதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுக்காதீர்கள். உள்ளே தொங்கும் ஒரு நூலோ அம்மாவின் தலைமுடியோ பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டத்தை அறுத்துவிடும். பிள்ளை ஏன் அழுகிறது என்று யாருக்கும் விளங்காது, காலுறை போட்டிருப்பதால் விரல் வீங்கிச் சிவப்பதும் தெரியாது. ஒவ்வொருதரமும் போட முதல் உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். அழுகை ஓயாவிட்டால் காலுறையைக் கழற்றி விரல் விரலாகப் பாருங்கள், நூல் இறுகிக் கழற்ற முடியாமல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குழந்தைக்குப் பின்னுவதில் நிறம் மாற்றி உள்ளே நீள நூல் ஓடுகிற பூ வேலையை நான் செய்வதே இல்லை.

தோய்த்த பிறகு மொரமொரவென்று இருக்கிறது

வெளிநாட்டுப் பின்னல் குறிப்புகளில் இதை அவ்வளவாகச் சொல்லமாட்டார்கள், எங்களுக்குத்தான் தலையிடி. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் சுண்ணாம்புத் தன்மையானது, கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் திரிந்து, அந்தத் திரிவு நூலுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் மேலும் சவர்க்காரம் போடுகிறீர்கள், மேலும் ஒட்டுகிறது. போதாததற்குச் சவர்க்காரமும் சோடாவும் காரம், கம்பளிக்குக் காரம் ஆகாது.

அரை வாளி தண்ணீருக்கு, அதாவது ஐந்து லீற்றர் அளவுக்கு, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, பின்னலைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளியை வடித்து விடலாம், சதை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் தோய்க்கும்போது சவர்க்காரத்தை விட்டுத் தலைக்கு வைக்கிற சம்பு ஒரு தேக்கரண்டி கரைத்துக்கொள்ளுங்கள், அது இந்தத் தண்ணீரிலும் திரியாது. நான் ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரைப் பெரிய பீப்பாவில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன், முதல் மழை கூரையைக் கழுவிய பிறகு பிடித்தது. கம்பளிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

தோய்த்துக் கொடியில் போட்ட சட்டை முழங்கால்வரை தொங்குகிறது

தண்ணீரின் பாரம். பருத்தியும், மெசினில் தோய்க்கலாம் என்று லேபலில் போட்ட கம்பளியும் ஈரத்தில் மிகவும் இழுபடும். இன்னும் ஈரமாக இருந்தால் உடனே கொடியிலிருந்து எடுங்கள். காய்ந்துவிட்டால் மறுபடி நனையுங்கள், நனைக்காமல் அளவு மாறாது. முறுக்கிப் பிழிய வேண்டாம். பெரிய துவாயில் விரித்து, பாய் சுருட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால் தண்ணீர் துவாய்க்குப் போய்விடும். பிறகு நிழலில் பனையோலைப் பாயில் துணி விரித்து, அதன்மேல் சட்டையைப் போட்டு, நீளத்தை மேல்நோக்கித் தள்ளி அகலத்தைக் கூட்டி, வேண்டிய அளவுக்குக் கையால் ஒதுக்கிக் காயவிடுங்கள். பாய் நல்லது, கீழேயும் காற்றுப் போகும், குண்டூசியும் ஏறும். மலிவான குண்டூசி ஈரத்தில் கறள் பிடித்துச் சட்டையில் புள்ளி வைத்துவிடும், அதனால் நான் தென்னோலை ஈர்க்கைச் சீவி ஓரக் கண்ணிகளில் கோர்த்து, அந்த ஈர்க்கைத்தான் பாயோடு கட்டுகிறேன். ஓரமும் நேராக வரும்.

எதிர்ப்பக்கமாகச் சுருங்கி, தடித்து, கண்ணி தெரியாமல் போயிருந்தால் அது கம்பளி சுடுதண்ணீரில் கசக்குப்பட்டது. கம்பளி இழையில் செதில்கள் இருக்கின்றன, ஒன்றோடொன்று கொளுவினால் விடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் தலைமுடிக் கண்டிஷனர் கரைத்து ஊறவிட்டு இழுத்தால் ஒரு விரல் அளவு திரும்பலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கிற அடுத்த சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஓரம் சுருளுகிறது, அயன் பண்ணலாமா

வெறும் நேர்க்கண்ணியில் பின்னிய துணி சுருளத்தான் செய்யும், அதன் இயல்பு அது. கம்பளியைத் தோய்த்து விரித்துக் காயவிட்டால் கொஞ்சம் அடங்கும். படிந்து நிற்கும் ஓரம் வேண்டுமென்றால் ஓரக் கண்ணிகளை எடுத்து நாலு வரி ரிப் பின்னுங்கள்.

அக்ரிலிக்கில் சூட்டை வைக்க முதல் நூறுதரம் யோசியுங்கள். மகளுக்குப் பின்னிய நீலச் சட்டையின் ஓரத்தைப் படியவைக்கச் சிரட்டைக்கரி அயன்பெட்டியை நேரே வைத்தேன், ஒரு கணம்தான். அந்த இடம் மினுங்கி, துவண்டு, பொலித்தீன்போல ஆகிவிட்டது, தோய்த்தும் திரும்பவில்லை, திரும்பாது. கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்க வழி இல்லை. நனைத்துப் பிழிந்த துணியை மேலே போட்டு, பெட்டியைத் துணியில் முட்டாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் போகவிடுங்கள், பிறகு ஆறும்வரை தொடாதீர்கள். ரிப்புக்கு மேலே ஆவியும் வேண்டாம், இழுபட்டு நிற்கும் தன்மை போய்விடும்.

பொத்தான் பட்டி அலை அலையாக நிற்கிறது

பக்க ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கண்ணி எடுத்தால் அலை வரும், குறைத்து எடுத்தால் சட்டை சுருங்கி மேலே ஏறும். ஒரு கண்ணியின் உயரம் அதன் அகலத்தைவிடக் குறைவு, அதனால் நான்கு வரிக்கு மூன்று கண்ணி என்ற கணக்கு பெரும்பாலும் சரிவரும். பட்டியை மட்டும் பிரித்தால் போதும். பொத்தான் தைக்கும்போது உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தானையும் சேர்த்துத் தையுங்கள், பின்னல் கிழியாது.

வெள்ளையில் சிவப்புச் சாயம் இறங்கிவிட்டது

காயவிடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசி, மடிக்காமல், நிறங்கள் ஒன்றையொன்று முட்டாமல் இடையில் துவாய் வைத்து விரியுங்கள். வினாகிரி போட்டால் சாயம் பிடிக்கும் என்பது கம்பளிச் சாயத்துக்கு ஓரளவு உதவும், பருத்திக்கு உதவாது. கடும் நிற நூலைப் பின்ன முதலே ஒரு முழம் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்ப்பது நல்லது.

வைத்து எடுத்தால் மணக்கிறது, பொட்டுப் பொட்டாக ஓட்டை

மணம் என்றால் ஈரத்தோடு மடித்திருக்கிறீர்கள். கம்பளி தன் எடையில் கால்பங்குக்கு மேல் ஈரத்தைக் கையில் தெரியாமல் வைத்திருக்கும், மாரியில் காய்ந்ததுபோலக் கிடந்தாலும் இன்னொரு நாள் விடுங்கள். அடுப்புக்கு மேலே போடாதீர்கள், புகை மணம் போகாது. ஓட்டை என்றால் பூச்சி. அதன் புழு கம்பளியை உண்ணும், வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடத்தை முதலில் தேடும், அதனால் ஒருநாள் போட்டதையும் தோய்த்துத்தான் வைக்க வேண்டும். வேப்பிலையை நன்றாகக் காயவைத்துத் துணிப் பொட்டலமாகக் கட்டி நான் உள்ளே வைக்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காமல் மாதம் ஒருதரம் உதறிக் காற்றாடவிடுகிறேன். பருத்திக்குக் கறையான் எதிரி, பெட்டியைக் கல்லின்மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள்.

ஒவ்வொரு சோடியோடும் அதே நூலில் ஐந்தாறு மீற்றரைச் சின்ன அட்டையில் சுற்றி, உடையவரின் பெயரையும் ஊசி அளவையும் எழுதி உள்ளே செருகி வைக்கிறேன். குதி தேய்ந்து வலைபோல ஆகிற நாளில் அந்த நூல் கையில் இருக்க வேண்டும். முழுவதும் ஓட்டையாக முன்னம், நூல் மெலிந்து தெரியும்போதே, பழைய கண்ணிகளின் போக்கிலேயே தையல் ஊசியால் மேலே ஒரு அடுக்கு ஓட்டிவிடுங்கள், அரை மணித்தியால வேலைதான்.